முப்பத்தொன்றாம் பாத்தி

"அம்மா, பவளம் எப்பப் பாத்தாலும் தண்ணிக்குள்ளயேதான இருக்கு? அதுக்குத் தாகம் எடுக்குமா?"

லிடியா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது முடிந்து மூன்று மாதம். முழங்காலளவு கடலில் நின்றுகொண்டு, அம்மா அள்ளிப் போடும் பாசியைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். ஜெனோவாவுக்கு அன்றைக்கு இடுப்பு வலி. "கேள்வி கேக்காம சாக்கப் பிடிட்டி" என்றாள். அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான். அடுத்த வருடம் அதே மாதத்தில் கேட்பதற்குப் பிள்ளை இல்லை.

அப்போது சிப்பித்துறையில் எண்ணூறு வீடு இருந்த இடத்தில் ஆறாயிரம் வீடு ஆகியிருந்தது. மேற்கே மழை பொய்த்த ஊர்க்காரர்களும், வடக்கே கடல் கொண்டுபோன குப்பத்துக்காரர்களும் மூட்டையோடு வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. உயிர் இருக்கிறவன் தண்ணீர் இருக்கிற இடத்துக்குத்தான் வருவான். ஆனால் அத்தனை பேருடைய கழிவும் ஒரே கடலில் போய் விழுந்தது. கரைக்கு எதிரே நீண்டு கிடந்த பவளப்பாறையை, ஊர்ப் பேச்சில் பார் என்பார்கள், அந்தக் கழிவு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. பார் போனால் மீன் போகும். அலையை மறிக்க ஆளில்லாமல் தெருவும் போகும்.

அதைத் தடுக்க வந்ததுதான் பார்நீர் அலுவலகம். பாரை நாற்பது பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் முழ நீளக் கருவி ஒன்றை நட்டார்கள். பவளத்தின் நிறம், வளர்ச்சி, பாருக்குள் இறாலும் மீனும் எழுப்பும் சலசலப்பு எல்லாவற்றையும் அது கேட்டு, பார்த்து, கரைக்குச் சொல்லும். ஊர் அதற்கு நாடி என்று பேர் வைத்தது. ஒரு தெருவுக்கு ஒரு பாத்தி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையிலிருந்து அந்தத் தெருவுக்குப் போகும் குழாயின் வால்வு, அந்தப் பாத்தியின் நாடிக்குக் கட்டுப்பட்டது. பவளம் செழித்தால் வால்வு முழுதாகத் திறக்கும். பவளம் வெளுத்தால் வால்வு இறுகும்.

நல்ல யோசனைதான். இரண்டு வருடம் ஒருவரும் ஒரு வாளிச் சாக்கடையைக்கூடக் கடலில் ஊற்றவில்லை. மூன்றாம் வருடம் ஜனங்களுக்குப் புத்தி வேறு பக்கம் போனது. நம் பாத்தியில் விழாமல் அடுத்த தெருவின் பாத்தியில் விழும்படி கொட்டினால் போதுமே! எந்த மாதம் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பது வலைக்காரனுக்குத் தெரியாதா?

உப்பளத் தெரு கஸ்பாருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் வலையை விட்டுவிட்டுக் கழிவுத்தொட்டி உறிஞ்சும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓர் ஆவணி மாதம், ஆறு நாள் விடிகாலையில், அவருடைய லாரி ஓடை கடலில் கலக்கும் இடத்தில் பின்பக்கம் திரும்பி நின்றது. பாசி எடுக்கப் போன ஜெனோவா அதைப் பார்த்தாள். அவர் லாரி கழுவுகிறார் என்றே நினைத்தாள்.

"என்ன மாமா, லாரியக் குளிப்பாட்டுதியளா?"

"ஆமாட்டி மருமவளே" என்று அவர் இடக்கையைத் தூக்கி ஆட்டினார்.

பத்தே நாளில், ஜெனோவா குடியிருந்த ராயப்பர் தெருவின் ஒன்பதாம் பாத்தி எலும்பாக வெளுத்தது. தெருக் குழாயில் தண்ணீர் நூல் பிடித்தாற்போல வந்தது, பிறகு அதுவும் நின்றது. அலுவலகத்தில் போய்க் கேட்டால், "நாடி சொல்லுது, நாங்க என்ன செய்ய?" என்றார்கள். பத்தொன்பது நாள், அலுவலகம் தண்ணீர் லாரி அனுப்புகிறவரை. மூடிக் கிடந்த பழைய கிணற்றைத் திறந்து குடித்தார்கள். லிடியாவுக்கு வயிற்றோட்டம் கண்டது. மூன்றாம் நாள் மதியம், ஆஸ்பத்திரி வாசலில், அம்மா மடியிலேயே அவள் கண் செருகிப்போனாள்.

ஜெனோவா தான் பார்த்ததைச் சொன்னாள். வேறு சாட்சி இல்லை. விசாரணையில் கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்குப் பதிலாக அவர் தெருவே பேசியது. விவகாரம் அத்தோடு முடிந்தது. அவள் புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன், ஊர்ப்பக்கம் வருவதையே குறைத்துக்கொண்டான்.

அவள் பக்தியுள்ள பெண். மகளைப் புதைத்த பிறகும் பூசையை விடவில்லை, செபமாலையை விடவில்லை. பரலோக மந்திரத்தில் மன்னிப்பைப் பற்றி வருகிற அந்த ஓர் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். ஆண்டவரிடம் பொய் சொல்லக்கூடாது அல்லவா?

அந்த வருடமே அவள் பார்க்காரி வேலைக்கு எழுதிப் போட்டாள். பார்க்காரி என்றால் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்கி, பாத்தியைப் பராமரிக்கிறவள். சொந்தத் தெருவின் பாத்தியை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். மற்ற பாத்திகள் வருடத்துக்கு ஒன்றாகச் சுற்றி வரும். ஜெனோவா காத்திருந்தாள். நான்காம் வருடம் தை மாதம், சீட்டு வந்தது. முப்பத்தொன்றாம் பாத்தி. உப்பளத் தெரு.

அன்று மாலையே அவள் விவசாயக் கடைக்குப் போய்க் கால் கிலோ மயில்துத்தம் வாங்கினாள். அழகான நீலக் கல். ஒரு கைப்பிடி கரைந்தாலே பவளத்துக்கு நஞ்சு என்று பயிற்சியின் முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி, மேலே ஒரு துணிப் பை தைத்தாள். துணி லிடியாவின் பள்ளிக்கூடப் பாவாடை. ஓரத்தில் இங்க் கறை இருந்தது. கடலுக்கடியில் உறையை ஒரு கீறு கீறினால் போதும். நாலு நாளில் உப்பளத் தெரு வால்வு மூடிக்கொள்ளும். கஸ்பாரின் மகள் அமலிக்கு ஏழு மாதம் என்று கேள்விப்பட்டிருந்தாள். அதையும் நினைத்துக்கொண்டேதான் ஊசியைக் கோத்தாள்.

முதல் முங்குக்கு ஒரு வழக்கம் உண்டு. அலுவலகம் எழுதி வைத்ததல்ல, தெருக்கள் தாமே உண்டாக்கிக்கொண்டது. புதிதாக வரும் பார்க்காரிக்கு அந்தத் தெருக் குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு தம்ளரில் கொண்டுவந்து கரையில் கொடுப்பார்கள். அவள் அதை எல்லார் முன்னாலும் குடிக்க வேண்டும். எங்கள் தண்ணீர் உன் வயிற்றுக்குள் போய்விட்டது, இனி எங்கள் பாத்தி உன் பொறுப்பு என்று அர்த்தம். வாய்நீர் என்பார்கள்.

அந்த வருடம் தம்ளர் தூக்கும் முறை கஸ்பார் வீட்டுக்கு வந்திருந்தது.

நான்கு வருடத்தில் மனிதர் பாதியாகியிருந்தார். லாரியை விற்றுவிட்டு மறுபடி ஒரு சின்ன வள்ளம் வைத்திருந்தார். காது ஒன்று கேட்பதில்லை. கோயில் பக்கமே வருவதில்லை. ஞாயிறு பூசைக்கும் இல்லை, பெரிய வெள்ளிக்கும் இல்லை. பாவம் செய்தவனுக்குப் பீடத்தைப் பார்க்கத் துணிச்சல் இருக்குமா என்று ஊர் பேசிக்கொண்டது. ஜெனோவாவும் அப்படித்தான் பேசினாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

இடக்கையால் தம்ளரை நீட்டினார்.

"குடி தாயீ" என்றார்.

அவள் வாங்கினாள். வாய் நிறைய எடுத்துக்கொண்டாள். அவர் கண்ணையே பார்த்தபடி கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு திரும்பி, கடலில் துப்பினாள்.

கரையில் நின்ற உப்பளத் தெருக்காரர்கள் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. அமலிதான் முதலில் பாய்ந்தாள். "என்னக்கா இது? எங்க தண்ணி என்ன சாக்கடையா?"

"ஒங்க அப்பாட்ட கேளு. சாக்கடை எது, தண்ணி எதுன்னு அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

"நாங்களே முக்கா வால்வுல சாவுதோம். நாலு வருசமா ஒருநாளாவது குடம் நெறஞ்சிருக்கா? அதுலயும் ஒனக்குன்னு புடிச்சுட்டு வந்தா..."

"விடு மக்கா" என்றார் கஸ்பார். "அவ துப்பட்டும்."

படகை ஓட்டியவள் ஜுலைகா. அவளும் பார்க்காரிதான். அந்த வருடச் சீட்டில் ஒன்பதாம் பாத்தி, அதாவது ஜெனோவாவின் தெருப் பாத்தி, அவள் பொறுப்புக்கு வந்திருந்தது. கரை மறைந்ததும் வாயைத் திறந்தாள்.

"ஏட்டி, துப்புறதுன்னு முடிவு பண்ணிட்டா என்ட்ட குடுத்திருக்கலாம்லா. காலைலேர்ந்து நாக்கு வறண்டு கெடக்கேன்."

ஜெனோவா சிரிக்கவில்லை.

"சரி, மூஞ்சிய அப்படி வைக்காத. ஒரு விசயம் கேளு. ஒங்க ஒம்பதாம் பாத்தில பவளத்தக் கட்டியிருக்கிற முடிச்செல்லாம் ஏறுமாறாக் கெடக்கு. நாமெல்லாம் வலத்த சுத்திப் போடுவோம்லா, அது இடத்த சுத்திக் கெடக்கு. எனக்கு முந்தி இருந்தவ யாரோ. இல்ல, ஒங்க ராயப்பருக்கே பீச்சாங்கையா?"

ஜெனோவாவுக்கு உடம்பு புல்லரித்தது. ஒன்பதாம் பாத்தி செத்தது என்று அலுவலகமே கைவிட்டிருந்தது. அடுத்த வருடம் அது தானாக உயிர்பிடித்தபோது ராயப்பர் தெருவே தன் காவல் புனிதர் ராயப்பருக்குக் கொடி பிடித்துச் சப்பரம் தூக்கியது. ஆனால் யாருடைய வேண்டுதலால் அது நடந்தது என்று ஜெனோவா மனசுக்குள் ஓர் எண்ணம் வைத்திருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை. லிடியாவுக்குச் செருப்பு வார் கட்டத் தெரியாது. எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் இடப்பக்கமாகவே சுற்றுவாள்.

'ஒனக்குத் தாகம் அடங்குனப்புறம் எங்களுக்குத் தண்ணி விட்டியாட்டி?' என்று அவள் உள்ளுக்குள் கேட்டாள். பையை இடுப்பில் தடவிப் பார்த்துக்கொண்டாள். 'இரு. இப்ப அவனுக்குக் காட்டுதேன்.'

தண்ணீர் தெளிவாக இருந்தது. ஆறு ஆள் ஆழத்தில் முப்பத்தொன்றாம் பாத்தி விரிந்து கிடந்தது. மான்கொம்புப் பவளம், தவிட்டு நிறமும் ஊதாவுமாக. குட்டி மீன்கள் கிளைக்குக் கிளை ஓடி ஒளிந்தன. பாத்தி மெலிந்திருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. நாடியின் பச்சை விளக்கு மங்கலாக எரிந்தது. அவள் ஒரு பாறையிடுக்கைத் தேர்ந்தெடுத்தாள். பையைச் செருகினாள். கத்தியை எடுத்தாள்.

கீறுவதற்கு முன் தலையைத் தூக்கியவள் அதைப் பார்த்தாள். கீழிருந்து பார்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு செடியிலும் அடிப்பக்கக் கிளைகள் சில வெட்டப்பட்டிருந்தன. பழைய வெட்டு, புது வெட்டு, ஆறி மேலே தோல் மூடிய வெட்டு. மேலேயிருந்து பார்க்கிறவளுக்குத் தெரியாதபடி, செடியும் சாகாதபடி, எடுத்திருந்தான் கைகாரன். வெட்டெல்லாம் இடப்பக்கமாகச் சரிந்திருந்தது. காலையில் தம்ளரை நீட்டியதும் இடக்கைதான்.

அவள் வாய்க்குழாய்க்குள்ளேயே சிரித்துவிட்டாள். கண்ணாடித் தொட்டிக்காரர்களுக்குப் பவளம் விற்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறாள். பாத்திப் பவளத்தைத் திருடியவன் குடும்பத்துக்கு ஊரில் குழாயே கிடையாது. பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டியதுதான். இதைவிட என்ன வேண்டும்? மயில்துத்தம் தெருவையெல்லாம் கொல்லும். இது அவர் ஒருவரைக் கொல்லும், அவர் தெருவின் கையாலேயே.

கத்தியை உறையில் போட்டாள். பையை அங்கேயே விட்டாள். இது தவறினால் அது இருக்கிறது.

கரையேறிய கையோடு உப்பளத் தெருவுக்குப் போனாள். அலுவலகப் பதிவுப் பலகையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். கஸ்பார் கூடத்தில் உட்கார்ந்து, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தன வருசமா வெட்டுதீரு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "பாத்துட்டியா" என்றார்.

உள்ளேயிருந்து அமலி வந்தாள். "எதப் பாத்துட்டா?"

"ஒங்க தெருப் பாத்திப் பவளத்த ஒங்க அப்பா வெட்டி எடுத்திருக்காரு. கிளை கிளையா. நாலு வருசமாக் குடம் நெறயலன்னு கரையில நின்னு கத்துனியே, ஏன் நெறயலன்னு இப்பக் கேளு."

அமலி தகப்பனைப் பார்த்தாள். "இல்லன்னு சொல்லுங்கப்பா."

"ஆமா. நாந்தான் வெட்டுனேன்" என்றார் கஸ்பார். "எழுதிக்கோ தாயீ."

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவாம வள்ளத்தத் தள்ளிட்டுப் போறது இதுக்குத்தானா?" என்றாள் அமலி. ஞாயிற்றுக்கிழமை எவனும் கடலில் இறங்க மாட்டான், பார்க்காரிகளுக்கும் விடுப்பு. "இந்த வயித்தோட நான் தெருமுனைக்கும் வீட்டுக்குமாக் குடம் சுமக்கேன். நீங்க அத வெட்டி வித்தியளா?"

"விக்கல."

"பின்ன என்ன செஞ்சீரு?" என்றாள் ஜெனோவா. அவளுக்கு அவசரமே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் ருசித்தாள். "சொல்லும். எங்க கொண்டு வச்சீரு? யாருக்குக் குடுத்தீரு?"

"அத மட்டும் கேக்காத."

"சொல்லாட்டி ஒங்க குடும்பம் நாளைக்கே ஊரவிட்டுப் போகணும். இவ பிள்ளைய ரோட்டுலதான் பெறணும்."

"தெரியும்."

"அப்பா!" என்றாள் அமலி.

கஸ்பார் கயிற்றைக் கீழே வைத்தார். "சொன்னா, இன்னொரு தெருவுக்கும் தண்ணி நின்னுரும் மக்கா. அந்தப் பாவத்த ரெண்டாந்தரம் செய்ய மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான்கு வருடமாக அவள் கேட்கக் காத்திருந்த ஒப்புதல் அது. அது இத்தனை சின்னச் சத்தத்தில் வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"ஏன் செஞ்சீரு?" என்று கேட்டாள். வேறு எதையோ கேட்க வந்தவளுக்கு இதுதான் வந்தது.

"பாத்திதான் வெளுக்கும்னு நெனச்சேன்" என்றார் அவர். "பிள்ளைய நெனக்கல."

அவள் பதிவுப் பலகையில் எழுதக் குனிந்தாள். கண் தொட்டில் கயிற்றில் போய் நின்றது. தொட்டில் மூங்கிலோடு சேர்த்துப் போட்டிருந்த முடிச்சு இடத்தைச் சுற்றிக் கிடந்தது.

பலகையில் ஒன்றும் எழுதாமல் வெளியே வந்தாள்.

"ஒம்பதாம் பாத்திக்கு என்னக் கூட்டிட்டுப் போ" என்றாள் ஜுலைகாவிடம்.

"சொந்தத் தெருப் பாத்திக்கா? வேலைக்கு உலை வைக்காத."

"ஒரு தடவ. போறதுக்கு முந்தி இன்னொண்ணு சொல்லு. ஒரு பாத்திப் பவளத்த இன்னொரு பாத்தில கட்டுனா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், நல்லா வளரும். பவளத்துக்கு என்ன தெரியும், இது ராயப்பர் தெரு, அது உப்பளத் தெருன்னு? ஆனா ஆபீசுக்குத் தெரிஞ்சா ரெண்டு நாடியும் செல்லாதும்பான். விசாரணை முடியுற மட்டும் ரெண்டு தெரு வால்வையும் பூட்டிருவான்." ஜுலைகா மோட்டாரைக் கிளப்பப் போனவள் நின்றாள். "யாருட்டி கட்டுனது?"

"போ" என்றாள் ஜெனோவா.

ஒன்பதாம் பாத்தி அவள் நினைத்ததைவிட அடர்ந்திருந்தது. கைபோடும் இடமெல்லாம் கிளை. பெரும்பாலான இடத்தில் கயிற்றைப் பவளம் விழுங்கிவிட்டிருந்தது. புதிதாகக் கட்டிய ஓரங்களில் மட்டும் முடிச்சு தெரிந்தது. பழைய வலையிலிருந்து உருவிய கயிறு. இடத்தைச் சுற்றிய முடிச்சு. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. தவிட்டு நிறமும் ஊதாவும்.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கொடி பிடித்துச் சப்பரம் தூக்கியது இவனுக்கா? இத்தனை வருடம் மெழுகுவத்தி ஏற்றி வைத்தது இந்தக் கைக்கா? பிள்ளையைத்தான் எடுத்தான் என்றால், பிள்ளை செய்ததாக அவள் நம்பியிருந்த ஒரே அற்புதத்தையும் எடுத்துக்கொண்டானே! ஒரு முடிச்சைப் பிடித்து இழுத்தாள். அறுத்து எறிய வேண்டும் போலிருந்தது. இழுத்த இழுப்பில் உள்ளேயிருந்து விரல் நீள மீன் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க்கொண்டது.

விட்டுவிட்டாள்.

படகில் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. மூன்று வருடமாக அவள் வீட்டுக் குழாயில் முழு வால்வில் வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? உப்பளத் தெருவுக்குக் குறைந்த கால்வாசியிலிருந்து. காலையில் அந்த மனிதர் கையிலிருந்து வாங்கித் துப்பியது ஒரு வாய். அவள் தினமும் குடித்தது, குளித்தது, சோறு வடித்தது எல்லாம் அதே தண்ணீர்.

"ஜுலைகா, முப்பத்தொண்ணுக்கு விடு."

"இன்னும் என்ன?"

"ஒரு பொருள மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."

பை இடுக்கிலேயே இருந்தது. உறை கீறாமல், கல் கரையாமல் இருந்தது. அதை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள். ஒரு கீறு, அவ்வளவுதானே மிச்சமிருந்தது!

மறுநாள் மதியம் அவள் உப்பளத் தெருவில் நடந்தபோது வாசல்களில் பேச்சு நின்றது. அமலி தெருக்குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மெலிதாக ஒழுகிக்கொண்டிருந்தது. கஸ்பார் பக்கத்தில், குடத்தைத் தூக்கிப் போகத் தோளில் துண்டோடு நின்றார். பெட்டிகள் வீட்டு வாசலில் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"எதுக்குப் பெட்டி?" என்றாள் ஜெனோவா.

"ஆபீசுலேர்ந்து ஆள் வரும்லா" என்றாள் அமலி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"ஆள் எதுக்கு வரணும்? நான் ஒண்ணும் எழுதலயே."

கஸ்பாரின் கேட்காத காது அவள் பக்கம் இருந்தது. தலையைத் திருப்பி, மறுபடி கேட்டார். "என்ன சொன்ன?"

"எழுத ஒண்ணும் இல்ல, மாமா."

அந்தச் சொல் அவள் வாயில் வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அமலியின் குடத்தைக் காட்டி, "ஒரு வாய் தண்ணி தாட்டி" என்றாள். அமலி அவளையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் புரியாமல்தான், ஆனாலும் கேட்டவளுக்கு இல்லை என்னாமல், கையைக் குவிக்கச் சொல்லி ஊற்றினாள். ஜெனோவா குடித்தாள். லேசாக உப்புக் கரித்தது. வால்வு இறுகின தெருவில் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். விரலிடுக்கில் ஒழுகியதையும் விடாமல் குடித்தாள்.

கஸ்பார் எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அந்த மாசியில் அவருக்கு இன்னொரு காதும் அடைத்துக்கொண்டது. இனி முங்கினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நின்றபோது, பாவிக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு சிப்பித்துறையில் ஒரு கடை திறந்திருக்காது, ஒரு படகு மிதக்காது. சிலுவைப் பாதைக்கு ராயப்பர் தெரு மொத்தமும் கறுப்பு உடுத்திப் போயிருந்தது. ஜெனோவாவின் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, "இவளுக்கு என்ன வந்தது?" என்று யாரோ கேட்டிருப்பார்கள். யாரோ ஒருத்தி, கொஞ்சம் சத்தமாக, பதிலும் சொல்லியிருப்பாள்.

அவள் ஒன்பதாம் பாத்தியின் ஓரத்து மணலில் இருந்தாள். வாடைக்காற்றுக் காலத்தில் அலை அடித்து முறித்துப் போட்ட கிளைகள் அங்கே உயிரோடு சிதறிக் கிடந்தன. விட்டால் மணல் மூடிச் செத்துவிடும். கூடை நிறையப் பொறுக்கினாள், முன்பு பாசி பொறுக்கியது போல. பாருக்கு மேலாகவே நீந்தி முப்பத்தொன்றுக்குக் கொண்டுபோனாள். ஒரு தடவை, இரண்டு தடவை. எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

கட்டுவதற்குக் கயிறு கொண்டுவரவில்லை. மயில்துத்தம் இருந்த உறையை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்திருந்தாள். வெறும் துணிப் பை மட்டும் அவளிடம் இருந்தது. அதைத் தையல் பிரித்து, நாடா நாடாவாகக் கிழித்து வைத்திருந்தாள். வெட்டுத் தழும்பு இருந்த இடமாகப் பார்த்து, ஒவ்வொரு கிளையாகப் பொருத்தி, இடக்கையால் கட்டினாள். பழக்கமில்லாத கை. முதலில் நழுவியது. ஒரு முடிச்சுக்கு மூன்று தடவை சுற்ற வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கைக்குப் பிடிபட்டது.

தாகம் எடுக்கும்ட்டி, என்று அவள் மனசுக்குள் சொன்னாள். எடுக்காம இருக்குமா?

கடைசி நாடாவில் இங்க் கறை இருந்தது. அதையும் இடத்தைச் சுற்றி முடிந்தாள். துணி இரண்டு மாதத்தில் இற்றுப்போகும். அதற்குள் பவளம் பாறையைப் பிடித்துக்கொள்ளும். முடிச்சு யாருடையது என்று பார்க்க, அதன்பிறகு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.